சாக்கடைக்குள் போகிற கேமராவுக்குப் பெட்டி எதற்கு என்பவர்களுக்கு

"மலத்துலயும் சேத்துலயும் ஊர்ந்துட்டு வர்ற சாமானை மெத்தை போட்டா கொண்டு போவாங்க?" கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் எல்லாருமே இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பார்கள். ஒப்பந்தக்காரர் கேட்கிறார். ஸ்டோர் கீப்பர் கேட்கிறார். கொள்முதல் கோப்பில் பெட்டிக்கென்று போட்ட தொகையை அடித்துவிட்டுக் கையெழுத்திடும் அதிகாரியும் கேட்கிறார். கேள்வி போல ஒலித்தாலும் அது தீர்மானம். அந்தத் தீர்மானத்தின்படிதான் பல லட்சம் ரூபாய்க் கருவி, குட்டியானையின் பின்தட்டில், கடப்பாரைக்கும் ஜெட்டிங் ஹோஸ் சுருளுக்கும் நடுவே கிடந்து தினமும் ஊர் சுற்றுகிறது. அந்தத் தீர்மானம் தவறு. பணத்தோடு முடிந்துபோகிற தவறும் இல்லை.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் ஒன்றும் குறைக்காமல் வைக்கிறேன். இந்தக் கேமராக்கள் முரட்டு வேலைக்கென்றே செய்யப்பட்டவை. துருப்பிடிக்காத எஃகு உறை, சஃபையர் கண்ணாடி, ஐபி 68 தரம். பல மீட்டர் தண்ணீருக்குள் கிடந்தாலும் படம் காட்டும். உடைந்த பீங்கான் குழாயின் விளிம்பிலும், உள்ளே இறுகிப்போன சிமெண்டுக் கட்டியிலும் நாள் முழுக்க முட்டிவிட்டு வருகிறது. இவ்வளவையும் தாங்குவது ஒரு மணி நேர ரோட்டுப் பயணத்தைத் தாங்காதா? அப்படியும் பழுதானால், தூக்கிய ஆளின் அலட்சியம்தான் காரணம். பெட்டி, நுரை, பட்டை என்று செலவு செய்தால் மட்டும் அலட்சியம் போய்விடுமா? காலையிலேயே மூன்று தெருவிலிருந்து புகார் வந்து நிற்கும்போது யார் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருப்பது? இத்தனை வருஷமாக இப்படித்தான் போகிறது, வேலை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

இப்படிச் சொல்பவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இல்லை. களத்தில் காலூன்றி நிற்பவர்கள். கேமரா உறுதியானது என்பதும் உண்மை. அந்த ஓர் உண்மையிலிருந்து அவர்கள் போய்ச் சேருகிற முடிவைத்தான் நான் ஒவ்வொன்றாக மறுக்கிறேன்.

1. ஐபி 68 எதற்குக் கொடுத்த சான்று?

பெட்டியில் அச்சிட்டிருக்கும் அந்த இரண்டு எண்களைக் காட்டி வாதாடுகிறவர்கள், அந்த எண்கள் எதைச் சோதித்துக் கொடுக்கப்பட்டவை என்று ஒரு முறையாவது படிக்க வேண்டும். ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்தில் முதல் எண் தூசியைப் பற்றியது. 6 என்றால் தூசி உள்ளே புகாது. இரண்டாவது எண் தண்ணீரைப் பற்றியது. 8 என்றால், தயாரிப்பாளர் சொல்லும் ஆழத்தில், சொல்லும் நேரம்வரை மூழ்கிக் கிடந்தாலும் கெடுதல் தரும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகாது. அவ்வளவுதான். கீழே விழுந்தால் என்ன ஆகும், ஒரு மணி நேரம் குலுங்கினால் என்ன ஆகும் என்பது பற்றி அந்த எண்களில் எதுவும் கிடையாது.

அடி தாங்குவதற்கு வேறொரு தரம் உண்டு, ஐஇசி 62262. அதன் மதிப்பெண்ணை ஐகே என்று குறிப்பார்கள். அதிர்வுக்கும் குலுக்கலுக்கும் ஐஇசி 60068 வரிசையில் தனித்தனிச் சோதனைகள் இருக்கின்றன. ஒரே சான்று எல்லாவற்றுக்கும் போதுமென்றால் இத்தனை தரங்களைத் தனித்தனியே எழுதியிருக்க மாட்டார்கள். உங்கள் கேமராவின் விவரத்தாளில் ஐகே எண்ணோ அதிர்வுச் சோதனை பற்றிய வரியோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால், அடி தாங்கும் என்று தயாரித்தவரே எங்கும் உறுதி சொல்லவில்லை. அவர் சொல்லாததை நீங்கள் ஏன் சொல்கிறீர்கள்?

இன்னொன்று. அந்தச் சோதனை புதுக் கருவிக்கு நடந்தது. ஓ-ரிங் புதிது, திருகுகள் சரியான இறுக்கத்தில், கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லாத நிலை. இரண்டு வருடம் வண்டியில் குலுங்கிய கருவிக்கு அந்தச் சான்று அப்படியே பொருந்தும் என்று நினைக்க எந்த ஆதாரமும் இல்லை.

2. குழாயைத் தாங்குவது ரோட்டைத் தாங்காதா?

தாங்காது. எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதம் இதுதான் என்பதால் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

குழாய்க்குள் கேமரா என்ன வேகத்தில் போகிறது? நிமிடத்துக்கு 30 அடி, அதாவது சுமார் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது கழிவுநீர்க் குழாய் ஆய்வுக்கு அமெரிக்காவின் நாஸ்கோ அமைப்பு வைத்திருக்கும் வரம்பு. மணிக்கு என்று பார்த்தால் அரை கிலோமீட்டர் சொச்சம். தவழும் குழந்தையின் வேகம்கூட இல்லை. இப்போது, இடுப்பு உயரத்துக்குத் தூக்கிய கேமரா கை நழுவி 1 மீட்டர் கீழே விழுகிறது என்று வையுங்கள். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். குழாய்க்குள் முட்டுகிற வேகத்தைப் போல கிட்டத்தட்ட 30 மடங்கு. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும் என்பதால் 800 மடங்குக்கும் மேல். பீங்கான் விளிம்பில் நாள் முழுக்க முட்டியதை எல்லாம் கூட்டினாலும் இந்த ஒரு விழுதலுக்கு ஈடாக நெடுநேரம் பிடிக்கும்.

விழுந்த பொருள் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1 மீட்டர் விழுந்த கேமரா இரும்புத் தட்டில் பட்டு 2 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் சராசரியாகத் தன் எடையைப் போல 500 மடங்கு விசையை வாங்கும். அதே கேமரா நல்ல நுரையில் விழுந்து 25 மில்லிமீட்டர் அழுந்தி நின்றால் 40 மடங்குதான். விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் வகுத்தால் இந்த எண் வந்துவிடும், பள்ளிக்கூடத்துப் பிள்ளையே போட்டுப் பார்க்கலாம். நுரையை ஆடம்பரம் என்பவர்கள் 500-க்கும் 40-க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை ஆடம்பரம் என்கிறார்கள்.

குழாய்க்குள் போகும்போது கேமராத் தலைக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அதற்கும் பின்னால் வளையக்கூடிய ஃபைபர் கிளாஸ் ராடு. தலை முட்டினால் ஸ்பிரிங் மடங்கும், ராடு வளையும், அடி பரவி இறங்கும். முன்னோக்கிப் போய் முட்டுவதற்காகவே அமைத்த ஏற்பாடு அது. வண்டியில் கிடக்கும்போது தலை பக்கவாட்டில் புரண்டு இரும்பில் அறைகிறது. அந்தத் திசையில் வருகிற அடியை வாங்கிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. சஃபையர் கண்ணாடியைக் கீற வைரம்தான் வேண்டும் என்று பெருமையாகச் சொல்வார்கள். கீறாதது உடையாது என்று பொருள் இல்லை. கடினமான பொருள் வளைந்து கொடுக்காது. விளிம்பில் பலமாக ஒன்று விழுந்தால் தெறித்துவிடும்.

தண்ணீர் அழுத்தத்துக்கும் அதிர்வுக்கும் இருக்கிற வேறுபாட்டையும் இந்த வாதம் பார்க்கத் தவறுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அழுத்துகிறது. ஓ-ரிங்கை அது தன் பள்ளத்துக்குள் இன்னும் இறுக்கமாகத் தள்ளி உட்கார வைக்கிறது. அதிர்வு செய்வது இதற்கு நேர்மாறு. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறது, ஈயப் பற்றை அசைத்து அசைத்து மயிரிழை விரிசல் விடவைக்கிறது, கனெக்டர் முனைகளை ஒன்றோடொன்று தேய்க்கிறது. நொடிக்கு 10 முறை அதிர்கிற தட்டில் ஒரு மணி நேரம் பயணம் செய்தால் 36,000 ஆட்டம். இதை ஒரு மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். சுமை ஏற்றுவதற்காகப் போட்ட பட்டை ஸ்பிரிங் வண்டி, சுமை குறைவாக இருக்கும்போதுதான் அதிகமாகத் தூக்கிப் போடும். குட்டியானையில் கேமராவும் நாலு கம்பியும் மட்டும் போகிற நாள்தான் கேமராவுக்கு மோசமான நாள். அதுவும் பின்சக்கரத்துக்கும் பின்னால், கதவோரத்தில் வைத்தால் குலுக்கல் இன்னும் கூடும். நம் ஆட்கள் இறக்குவதற்குச் சுலபம் என்று வைப்பது அந்தக் கதவோரத்தில்தான்.

3. உடைகிற இடத்தைப் பாருங்கள்

தலையைப் பற்றியே பேசுகிறோம். ரீலைப் பற்றிப் பேச ஆளில்லை. சுற்றிவைத்த ஃபைபர் கிளாஸ் ராடு சும்மா கிடக்கிற கயிறு இல்லை, இறுக்கிவைத்த விசை. நுனியை ரீலின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டாமல் ஏற்றினால், முதல் வேகத்தடையிலேயே ஒரு சுற்று நழுவி வெளியே வரும். அடுத்த பள்ளத்தில் அந்தச் சுற்றின் மேல் ஜெனரேட்டர் சாய்ந்து உட்காரும். இறக்கும்போது ராடு வெளியில் நன்றாகத்தான் தெரியும். மேலுறை பிளாஸ்டிக், அது உடையாது. உள்ளே ஃபைபர் இழைகள் ஒரு விரல்கடை நீளத்துக்கு வெள்ளையாக நசுங்கிப் போயிருக்கும். விரலால் தடவிக்கொண்டே வந்தால் அந்த இடத்தில் சற்று மெத்தென்று தட்டும். அடுத்த முறை 90 டிகிரி முழங்கை வளைவில் தள்ளும்போது ராடு அந்த இடத்தில்தான் மடங்கும். உள்ளே ஓடுகிற மெல்லிய செப்புக் கம்பிகள் அங்கேதான் அறும். ஆள் என்ன சொல்வார்? "தள்ளும்போது போயிடுச்சு சார்." அதையே பதிவேட்டிலும் எழுதுவார்கள். உடைத்தது ரோடு, பழி குழாய்க்கு.

ரீலின் நடுவில் இருக்கும் ஸ்லிப் ரிங், மீட்டர் எண்ணும் சக்கரம், மானிட்டருக்குப் போகும் கனெக்டர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இவை ஒன்றுகூடக் குழாய்க்குள் போவதில்லை. குழாயைத் தாங்குகிற உறுதி இவற்றுக்கு இருக்க வேண்டிய அவசியமே இல்லாததால் அப்படிச் செய்யப்படவும் இல்லை. சாக்கடைக்குள் போகிற சாமான் என்ற வாதம் கருவியின் ஒரு கைப்பிடி அளவுத் தலைக்கு மட்டும்தான் பொருந்தும்.

4. உடைந்தால் தெரிந்துவிடும், மாற்றிக்கொள்ளலாம் என்பது எல்லாவற்றையும்விட ஆபத்தான நம்பிக்கை

கேமரா செத்துவிட்டால் பிரச்சினை சிறியது. மானிட்டர் கறுத்துவிடும், வேறு கேமரா வரவழைப்பீர்கள். ஆனால் அடிபட்ட கேமரா பெரும்பாலும் சாவதில்லை. வேலை செய்துகொண்டே பொய் சொல்கிறது.

மீட்டர் எண்ணும் சக்கரம் ஒரு சிறு அடி வாங்கி வழுக்கத் தொடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் 18 மீட்டர் என்று வருகிறது. உண்மையில் கேமரா நிற்பது 21 மீட்டரில். அந்த 18-ஐ நம்பிச் சாலையை வெட்டுகிறார்கள். குழி தோண்டி, குழாயை உடைத்துத் திறந்தால் அங்கே அடைப்பு இல்லை. அடுத்து இரண்டு மீட்டர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் மறுபடி வெட்டு. தெரு முழுக்கப் பள்ளம், பக்கத்தில் குடிநீர்க் குழாய், மின்கம்பி. தலைக்குள் இருக்கும் 512 ஹெர்ட்ஸ் அலைபரப்பியை வைத்து மேலிருந்து இடத்தைச் சரிபார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம், அந்த அலைபரப்பியும் அதே அடியை வாங்காமல் இருந்தால்.

படத்தைத் தானாக நிமிர்த்திக் காட்டும் ஏற்பாடு சில தலைகளில் உண்டு. உள்ளே எடை கட்டிய சிறு சுழலி அது. ஒரு அடியில் அது சிக்கிக்கொண்டால் படம் சாய்ந்து நிற்கும். குழாய்க்குள் இருட்டில் எது மேல், எது கீழ் என்று சொல்ல வேறு அடையாளம் இல்லாதபோது, ஓரத்தில் இருக்கும் வீட்டு இணைப்பு அடியில் இருப்பதாகத் தெரியும். குழாய்க் குறைகளைக் கடிகார முள்ளின் நிலையை வைத்துப் பதிவது உலகெங்கும் வழக்கம். முள்ளே தப்பாக இருக்கும்போது பதிவு எப்படிச் சரியாகும்?

கண்ணாடியில் ஒரு மயிரிழை விரிசல் விழுந்தால், திரையில் அது குழாயின் விரிசல் போலவே தெரியும். கேமரா நகர நகர அந்தக் கோடும் கூடவே வருகிறதா என்று நிதானமாகப் பார்க்கத் தெரிந்தவர் கண்டுபிடிப்பார். அவசரத்தில் இருப்பவர் நல்ல குழாயை மாற்றச் சொல்லி எழுதிவிடுவார். இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. சீல் தளர்ந்து உள்ளே ஈரம் புகுந்து, விளக்கின் சூட்டில் அது ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறம் படியும்போது, படம் பால் படிந்ததுபோல் மங்கும். கழிவுநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் குழாயின் கூரையில் வாழும் நுண்ணுயிர்கள் கந்தக அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் சிமெண்டுக் குழாயின் மேற்புறத்தைத் தின்கிறது. சாலை உள்வாங்குவதற்கு முன்னால் குழாயில் இருக்கும் அறிகுறி அதுதான். மங்கிய கேமரா அதைக் காட்டாது. "குழாய் நலம்" என்று ஒரு சான்றிதழ் கோப்பில் ஏறும், அதன் மேல் பேருந்து ஓடும்.

அடைப்பு எங்கே என்று கேமரா சொல்லத் தவறினால் அடுத்து என்ன நடக்கும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜெட்டிங் விட்டுப் பார்ப்பார்கள், போகாது. மக்கள் சத்தம் போடுவார்கள், கவுன்சிலர் போன் செய்வார். யாரோ ஒருவர், "கொஞ்சம் இறங்கிப் பார்த்துடுப்பா" என்பார்.

அப்படி இறக்குவது குற்றம். 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பில்லாமல் மனிதரைச் சாக்கடையிலோ மலக்குழியிலோ இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதைத் தடை செய்திருக்கிறது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு ₹10 லட்சம் கொடுக்க வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை ₹30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் இருந்தும், தீர்ப்பு இருந்தும் சாவு நிற்கவில்லை என்பதற்கு அந்த இரண்டாவது தீர்ப்பே சாட்சி. மனிதன் இறங்கும் அந்தக் குழிக்குப் பதிலாக நாம் முன்வைக்கிற விடைதான் இந்தக் கேமரா. 2018-இல் திருவனந்தபுரத்தில் பேண்டிகூட் எந்திரம் குழிக்குள் இறங்கியபோதும், சென்னை ஐஐடி மலக்குழிக்கென்று ஹோமோசெப் எந்திரத்தை உருவாக்கியபோதும் நாம் கைதட்டியது இந்த விடைக்காகத்தான். விடையை லாரியில் போட்டுக் குலுக்கி உடைத்துவிட்டு, எந்திரத்தை நம்ப முடியாது, ஆள்தான் சரி என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. எந்திரம் தோற்றது என்று சொல்லப்படுகிற பல நாட்களில் உண்மையில் தோற்றது அதைக் கொண்டுவந்த முறை. அந்தத் தோல்வியின் விலையைக் கொடுக்கிறவர் எந்தச் சாதியிலிருந்து வருகிறார், எந்தத் தெருவில் வசிக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். பெட்டிக்குப் பணமில்லை என்று எழுதுகிற கைக்கும் தெரியும்.

5. "பசங்க கவனமா இருக்க மாட்டேங்கறாங்க"

யாருடைய கவனம் இது? மூடி இல்லாத ரீலையும் உறை இல்லாத தலையையும் கையில் கொடுத்து, கட்டுவதற்கு ஒரு பட்டைகூடக் கொடுக்காமல், ஒரே நாளில் நாலு சைட் என்று விரட்டிவிட்டு, மாலையில் கேமரா படம் காட்டவில்லை என்றால் கவனமில்லை என்பது பெரும் அநியாயம். கவனம் ஏற்பாட்டில் இருக்க வேண்டும். வைக்க இடம் இருந்தால் மனிதன் அந்த இடத்தில் வைப்பான். இடமே இல்லையென்றால் கடப்பாரை மேல்தான் வைப்பான்.

இதில் கூலிப் பிடித்தமும் சேர்ந்துகொள்கிறது. கேமரா பழுதுக்கென்று தொழிலாளியின் சம்பளத்தில் மாதாமாதம் கழிக்கும் வழக்கம் எனக்குத் தெரிந்த இடங்களில் இருக்கிறது. பொருளுக்குச் சேதம் என்றால்கூட, அது அவருடைய அலட்சியத்தால்தான் வந்தது என்று காட்டி, அவர் பக்கத்து விளக்கத்தைக் கேட்டுவிட்டுத்தான் கழிக்கலாம் என்று 1936-ஆம் ஆண்டு ஊதியச் சட்டமே எழுதி வைத்தது. எங்கே, எப்போது உடைந்தது என்று பதிவே இல்லாத இடத்தில் அலட்சியத்தை எதை வைத்துக் காட்டுவீர்கள்?

பதிவு செய்வதும் கடினமில்லை. கட்டம் போட்ட ஒரு தாளைச் சுவரில் ஒட்டுங்கள். ஸ்டோரிலிருந்து கிளம்பும்போது கேமராவை ஒரே தூரத்தில் வைத்து அந்தத் தாளை ஒரு படம் எடுங்கள். சைட்டில் இறங்கியதும் அதே போன்ற தாளை, அதே தூரத்தில் இன்னொரு படம். ராடில் 10 மீட்டரை டேப்பில் அளந்து இழுத்து, திரையில் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். உள்ளே நைட்ரஜனோ உலர் காற்றோ அடைத்த ரோபோ வண்டியாக இருந்தால், அழுத்தமானியின் எண்ணையும் இரண்டு முறை குறித்துக்கொள்ளுங்கள். சில நிமிட வேலை. கண்ணாடியில் விழுந்த கோடு வண்டியில் வந்ததா குழாயில் வந்ததா என்று அதன் பிறகு யாரும் சண்டை போட வேண்டியதில்லை. இதைச் செய்ய மறுக்கிற முதலாளி, உண்மை தெரிந்துவிடக் கூடாது என்று நினைக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

6. "பெட்டி வாங்கியாச்சே!"

இப்படிச் சொல்பவர்கள் பாதி வழி வந்தவர்கள். அவர்களிடம் கோபமில்லை, ஆனால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. மெத்தைக் கடையில் வெட்டி வாங்கிய ஸ்பாஞ்ச் என்றால், கனமான ரீலின் கீழ் அது அப்பளமாக அமுங்கிவிடும். அமுங்கிய பிறகு பெட்டியின் அடித்தட்டும் இரும்புத் தட்டும் ஒன்றுதான். தெர்மாகோல் முதல் அடியை நன்றாகவே வாங்கும். வாங்கியதும் நொறுங்கிவிடும், இரண்டாவது அடிக்கு அங்கே ஒன்றும் இருக்காது. தண்ணீரை உறிஞ்சாத, மூடிய துளைகள் கொண்ட பாலிஎத்திலீன் நுரைதான் இந்த வேலைக்கு ஏற்றது. அதுவும் தலைக்கு ஒரு குழி, ஸ்பிரிங்குக்கு ஒரு குழி, மானிட்டருக்கு ஒன்று என்று அளவெடுத்து வெட்டியிருக்க வேண்டும். பெட்டிக்குள் பொருள் ஆடினால் பெட்டி இருந்தும் பயனில்லை.

வேலை முடிந்ததும் சேறோடு அப்படியே பெட்டியில் போட்டுப் பூட்டுவது இன்னொரு கொடுமை. ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும். ஈரமும் அந்த வாயுவும் சேர்ந்த ஒரு மூடிய பெட்டிக்குள் கனெக்டர்களை இரவு முழுக்க அடைத்துவைத்தால், காலையில் படம் விட்டு விட்டு வரும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, முனைகளுக்கு மூடி போட்டு, உலர்ந்த பிறகுதான் பெட்டி. கழுவும் ஆளுக்குக் கையுறையும் சோப்பும் கொடுக்க வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி அந்தச் சேற்றில்தான் இருக்கும். சாப்பாட்டுத் தூக்கையும் கேமராவையும் ஒரே சீட்டில் வைத்துக்கொண்டு போகிற வண்டிகளைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

வெயிலும் உண்டு. சித்திரை மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய கார் சீக்கிரமே 50 டிகிரியைத் தாண்டிவிடும். லித்தியம் பேட்டரிக்கும், கண்ணாடியைப் பிடித்திருக்கும் பசைக்கும் அது ஆகாது. வெயிலுக்குப் பயந்து ஏசி காரில் கொண்டு வந்தால் வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். புழுக்கமான நாளில் சென்னைக் காற்றில் இருக்கும் ஈரம் ஏறத்தாழ 25 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் படிந்துவிடும். 22 டிகிரியில் கிடந்த கேமராவைச் சட்டென்று வெளியே எடுத்துப் பெட்டியைத் திறந்தால் கண்ணாடி வேர்க்கும். மூடிய பெட்டியோடு நிழலில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் திறந்தால் வேர்க்காது.

விமானத்தில் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வரி: உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-மணியைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-ஐத் தாண்டியதைப் பயணப் பையில் கொண்டுபோகவே முடியாது.

7. செலவு, நேரம், "இத்தனை வருஷமா"

மிச்சமிருக்கும் வாதங்களுக்குச் சுருக்கமாகவே பதில் போதும். பெட்டியும் நுரையும் பட்டையும் கருவி விலையில் சிறு பங்கு. உத்தரவாதம் இருக்கிறதே என்பவர்கள் அந்தத் தாளின் பின்பக்கத்தைப் படிக்கட்டும். கையாளும்போது விழுந்து உடைந்ததை உத்தரவாதங்கள் பொதுவாக ஏற்பதில்லை. மலிவான கேமராதானே, போனால் வேறு வாங்கலாம் என்பவர்களுக்கு நான்காவது மறுப்பே பதில்: மலிவான கேமரா இன்னும் சீக்கிரம் பொய் சொல்லத் தொடங்கும். நேரமில்லை என்பவர்கள், தப்பான இடத்தில் தோண்டிய ஒரு குழியை மூடித் தார் போட எத்தனை நாள் ஆனது என்று தங்கள் பதிவேட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனை வருஷமாக இப்படித்தான் போகிறது என்பது உண்மை. இத்தனை வருஷமாகக் கேமராக்கள் ஸ்டோர் அலமாரியில் "பழுது" என்ற சீட்டோடு அடுக்கப்பட்டு வருவதும் உண்மை. இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்க யாரும் உட்காரவில்லை.

கேமரா வாங்க டெண்டர் எழுதப் போகும் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிப் பொறியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கேமராவின் வரிக்குக் கீழே இன்னும் மூன்று வரி எழுதுங்கள்: அளவெடுத்து வெட்டிய மூடுதுளை நுரையோடு கூடிய பெட்டி, வண்டியில் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே அதைப் பூட்ட ஒரு நிலையான சட்டம், கிளம்பும்போதும் இறங்கும்போதும் எடுக்கும் சோதனைப் படத்துக்கு ஒரு பதிவேடு. மூன்றாவது வரிக்குச் செலவே இல்லை. அதிலிருந்தாவது இந்த மாதமே தொடங்குங்கள்.